தடைக்காலம்

என் கட்டுரை வெளிவந்த அன்று
என்னாலேயே அதைத் திறக்க முடியவில்லை.
முப்பத்தொன்பது டாலர் கேட்டது திரை.
தண்டையார்பேட்டையில் லாரித் தண்ணி வரும் நேரம்,
கீழே குடங்கள் இடித்துக்கொள்ள
நான் என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்:
கு. செம்மலர், விலங்கியல் துறை.
சுருக்கம் மட்டும் இலவசம்.
இருநூறு வார்த்தையில் இறால் உண்டு, காட்மியம் உண்டு,
தேசம்மாள் இல்லை.

எண்ணூர்க் கழிமுகத்தில்
சாம்பல் கலந்த சேற்றில் கழுத்தளவு உட்கார்ந்து
பறியைப் பல்லில் கவ்வி
விரலால் தடவித் தடவி அவள் எடுத்தவை.
மாதம் நாற்பது, பதினாலு மாதம்.
ஐஸ் பெட்டி என்னுடையது,
பஸ்ஸில் கண்டக்டரின் முறைப்பும் என்னுடையது.
காசு நீட்டினால் தட்டிவிடுவாள்.
"எய்தி முடிச்சிட்டு காட்டு, அது போதும்."

"புக்குல வந்துச்சாமே, எங்க?"
வந்துச்சும்மா. பூட்டியிருக்காங்க.
"யாரு?"
கையெழுத்துப் போட்டது நான்தான்
என்பதை மட்டும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் திறந்துவைக்க
இரண்டாயிரத்து எழுநூறு யூரோ.
கௌரவ விரிவுரையாளருக்கு மே மாதம் சம்பளமில்லை;
அதையும் கழித்துப் போட்ட கணக்கில்
ஏறக்குறைய ஒரு வருஷம் நான் சாப்பிடக் கூடாது.

கல்லூரி நூலகத்தில்,
கிழிந்த புத்தகம் ஒட்டும் மேசையின் மறுபாதியில்
'ஆய்வு உதவி' என்ற அட்டைக்குப் பின்னால் பெனினா.
நான் படிக்காமல் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தை
ஸ்கேல் வைத்து வரிவரியாகப் படித்தார்.
"அச்சு வடிவம் அவங்களுது.
அவங்க ஏத்துக்கிட்ட உங்க கோப்பு உங்களுது.
பன்னிரண்டு மாசம் கழிச்சு
நம்ம களஞ்சியத்துல போட்டுடலாம், செலவில்லை."

தேசம்மாளிடம் சொன்னேன்.
"தடக்காலம் மாறியா?"
ஆமாம், அப்படித்தான்.
"அறுவத்தோரு நாளு, மீனு முட்ட போடறதுக்கு.
இது உள்ள குந்திகினு இன்னா போடுது?"

ஒன்பதாவது மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம்.
ஷாமியானா, ஈரமான பிளாஸ்டிக் நாற்காலிகள்,
முன்வரிசைக்கு மட்டும் பாதாம் பால்.
தேசம்மாள் மைக்கைப் பிடித்ததும்
ஆத்துத் தண்ணி பட்டால் கை அரிக்குது என்றாள்,
இறால் கருத்துப்போச்சு என்றாள்.
"ஆதாரம் இருக்காம்மா?"
"கீது சார். பூட்டி வச்சிகீறாங்க."
சிரிப்பு. மைக் அடுத்த ஆளுக்குப் போனது.
கடைசிக்கு முந்தின வரிசையில்
என் கைப்பையில் இருந்த பென்டிரைவை
பையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெனினாவிடம் சொல்லித் தொலைத்தேன்.
பசை தொட்ட விரலை அப்படியே நிறுத்தினார்.
"ஒருத்தருக்குக் கையில குடுக்க
எந்தப் பூட்டும் இல்லையே மேடம்.
நாலாவது பிரிவு, ஆ.
நீங்க அதைக் கேக்கவே இல்லையே."

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஜெராக்ஸ் கடை.
இருபத்திரண்டு பக்கம், ஓரத்தில் வரி எண்கள்,
நாற்பத்துநாலு ரூபாய்.
அச்சில் இடம் போதவில்லை என்று வெட்டிவிட்ட நன்றியுரை
இதில் அப்படியே இருந்தது.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி:
தேசம்மாள், காட்டுக்குப்பம்.
அதைத்தான் முதலில் காட்டினேன்.

அவள் அதில் நிற்கவில்லை.
ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு
பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய்
வரைபடத்தில் விரல் வைத்தாள். மூன்று புள்ளிகள்.
"இந்த மூணாவது எது?"
சாம்பல் குழாய்ப் பக்கம்.
"அங்க எடுத்ததுல உனக்கு நாப்பது குட்துட்டு
மிச்சத்த வூட்டுக்கு எடுத்துகினு போனேன்.
எத்தினி கீதுன்னு போட்டுகிற? படி."

இருநூற்றுத் தொண்ணூற்றேழாம் வரி.
ஒரு கிலோவுக்கு, என்று தமிழில் தொடங்கினேன்.
அடுத்தது ஓர் எண்தான்.
அலையாத்திப் பக்கம் படகு ஒன்று மோட்டாரை அணைத்தது.
அவள் காத்திருந்தாள்.