பெயரெச்சம்

காலை எட்டே கால். ஸ்டாஃபர்ட் ஆலை வாசலில்
ஏணி வண்டி வந்து நிற்கிறது.
பெயர்ப்பலகையை இறக்குகிறார்கள்.
நான் சேர்ந்து ஒன்பது வருஷம், இது மூன்றாம் தடவை.

கழற்றிய எழுத்துகள் நடைபாதையில் மல்லாந்திருக்கின்றன.
வட்டமான ஒன்றில் மழை தேங்கத் தொடங்குகிறது.
செங்கல் சுவரில் அவை இருந்த இடம் மட்டும் வெளுப்பு.
வெளுப்புக்கு அடியில்
அதற்கும் முந்தைய பெயரின் ஆணித்துளைகள்.

முதலில் ஹார்க்னெஸ் அண்ட் பிம்.
டைனமோவும் குதிரை லாயமுமாக ஆரம்பித்தது.
இரண்டாம் போரில் சுருள் சுற்ற வந்த பெண்கள்
போர் முடிந்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.
பிறகு மிட்லண்ட் என்று தொடங்கும் ஒரு நீளப் பெயர்;
ஆறாயிரம் பேர், மூன்று கேன்டீன்,
எழுபத்து நாலில் பதினோரு வாரம் கதவடைப்பு.
பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், காபி இயந்திரம் வந்தது.
அமெரிக்கர்கள் வந்தார்கள், காபிக்குக் காசு வந்தது.
இன்று ஸ்வீடன்காரர்கள்.
புதுப் பெயரில் முதல் எழுத்துகூடச் சிறிய எழுத்து.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம்.
சுருள் சுற்றிய கொட்டகையில் இப்போது
தள்ளுபடி விலையில் தக்காளி விற்கிறார்கள்.

க்ளைவ் ஓட்லிக்கு வரப்போகும் ஓய்வூதியம்
இரண்டாம் பெயரில்.
காலில் இருக்கும் பூட்ஸ் மூன்றாம் பெயரில்.
சம்பளம், நேற்றுவரை, நான்காம் பெயரில்.
"நான் ஹார்க்னெஸில் வேலை செய்கிறேன்" என்கிறார்,
அந்தப் பெயரை அவர் ஒருநாளும் பலகையில் கண்டதில்லை.

ஒன்பதரைக்கு ஒரு மின்னஞ்சல்.
உருகுவேயில் ஏதோ ஓர் அணை. க்ராசியேலா எச்செவெரி, பராமரிப்புப் பொறியாளர்.
இரண்டாம் எண் ஜெனரேட்டரில் தாங்கி உருகிவிட்டது.
தகட்டில் பெயர் தேய்ந்து போயிருக்கிறது.
ஊர் மட்டும் தெரிகிறது, ஸ்டாஃபர்ட். வரிசை எண் 4417.
இதைச் செய்த கம்பெனி நீங்கள்தானா?

செய்த.
ஒரு பெயருக்காகக் கை நீட்டியபடி
பாதி வழியில் நிற்கிற சொல்.
செய்த கம்பெனி. செய்த ஊர்.
செய்த கை.

சட்டப் பிரிவின் சுற்றறிக்கை மேசையிலேயே இருக்கிறது:
எண்பத்தொன்பதுக்கு முந்தைய இயந்திரங்களுக்கு
நாம் வாரிசு அல்ல.
அதன் மேலேயே விற்பனைப் பிரிவின் இன்னொன்று:
உதிரிபாகத்தில் நாற்பது சதவீதம் லாபம்,
எந்த விசாரிப்பையும் தவற விடாதீர்கள்.

வரைபட அறையின் சாவி க்ளைவிடம்.
எண்ணைச் சொன்னதும் விளக்குகூடப் போடாமல்
நேராக ஓர் இழுப்பறைக்குப் போனார்.
மெழுகிட்ட துணியில், நீல மையில், 1938.
தாங்கியின் குறுக்குவெட்டு, வெள்ளை உலோகத்தின் கனம்
ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரை.
மூலையில் வரைந்தவர் இரண்டு எழுத்து,
சரிபார்த்தவர் இரண்டு எழுத்து,
அவற்றின் மேல் யாரோ வைத்த தேநீர்க் கோப்பையின் வட்டம்.
"கோப்பைக்காரன் யாரென்று மட்டும் தெரியவில்லை"
என்றார் க்ளைவ், மற்றவர்களைத் தெரிந்தவர் போல.

பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கணினியிலும்
கையொப்ப வரி தானாக மாறும் என்றிருக்கிறார்கள்.
மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.
கீழே பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அதை அழித்தேன்.
புதியதைத் தட்டிப் பார்த்தேன், அதையும் அழித்தேன்.

வெளியே துளைகள் பொருந்தவில்லை போல.
சுவரில் மறுபடி டிரில் ஓடுகிறது,
என் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

ஆம், செய்தோம், என்று எழுதினேன்.
1938இல் என் அப்பாகூடப் பிறந்திருக்கவில்லை.
வரைபடம் இணைப்பில்.
தாங்கி வந்து சேரப் பதினான்கு வாரம்.
விலை தனியாக அனுப்புகிறேன்,
கொஞ்சம் அதிகம்தான்.