இரண்டாம் கையொப்பம்

வினிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
பின்னறை வாசலில் தாலியைக் கழற்றிச்
சின்ன டப்பாவில் போட்டேன்.
முதல் வருடம் கை நடுங்கும்.
இப்போது படிவத்தில் அதற்கு ஒரு வரி, ஒரு சரிக்குறி:
நகை இல்லை.

சப்பாத்துறை, தலையுறை, முகக்கவசம்,
முழங்கை வரை தேய்த்துக் கழுவல்,
கடைசியாய்க் கையுறை.
சுவரில் அழுத்தமானியின் முள் பச்சைக் கோட்டுக்குள்.
உள்காற்று வெளியே போகலாம்,
வெளிக்காற்று உள்ளே வரலாகாது.

டைக் என்றொரு விவசாயி.
கோதுமைக் குதிருக்குள் இறங்கியவர் கண்ணில் உமி;
வலது கருவிழியில் புண்.
மணிக்கொரு சொட்டு விட வேண்டும்,
அந்த வீரியத்தில் எந்தக் கம்பெனியும்
குப்பி அடைப்பதில்லை.
ஊசிமருந்துத் தூளைக் கரைத்து, வடிகட்டி
நான்தான் செய்ய வேண்டும்.
அளவைப் பார்க்க இன்னொரு சோடிக் கண் வேண்டும்
என்கிறது கையேடு.
அந்தக் கண்கள், ஒக்சானாவினுடையவை,
பனிப்புயலில் நெடுஞ்சாலையில் நின்றன.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் தடவை அழைத்தார்கள்.
ஊசிக்குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஐந்து.
திரும்பப் பார்த்தேன். ஐந்து.
ஒருத்தி இரண்டு தடவை பார்ப்பது
இரண்டு பேர் பார்ப்பது ஆகாது, தெரியும்.
டாக்சிக்காரர் குளிர்பெட்டியை
முன்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கொண்டுபோனார்.

மறுநாள் ஒக்சானா பேனாவோடு வந்தாள்:
"தா, போட்டுவிடுகிறேன். யார் கேட்கப் போகிறார்கள்?"
புத்தகத்தை மூடினேன்.
நேர்மை என்று சொல்லமாட்டேன். பயம்தான்.

ஆறு வாரம் கழித்து ஆய்வாளர் வந்தார்.
மூன்று தரம் துடைத்த மேசையைப் பார்க்கவேயில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் புரட்டினார்,
ஒரு வெற்றுக் கட்டத்தில் விரல் நின்றது.
"யாரும் இல்லையா?"
"யாரும் இல்லை."
குறை என்று எழுதினார். குறைதான்.

தேத்தண்ணி நீட்டினேன்.
வாங்கக்கூடாதாம், விதி. சிரித்தார்.
பிறகு அவர் கார் கிளம்பவில்லை;
என் காரிலிருந்து கேபிள் போட்டோம்.
அதற்கும் விதி உண்டா என்று
இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பதில் எழுத முப்பது நாள்.
"இனிமேல் பனிப்புயல் அன்று" என்று தொடங்கி
நாலு நாளாய் அந்த வரியிலேயே நிற்கிறேன்.
டைக்குக்கு இரண்டாம் குப்பி யாரும் கேட்கவில்லை,
அது நல்லதோ கெட்டதோ.
வெளியே மறுபடி கொட்டுகிறது.
போன் அடிக்கிறது. ஒக்சானா.
வழியில்தானாம்.