பத்து நிமிசம்

கல்லடியில் என் கிணற்றுத் தண்ணி சவர்.
எந்தச் சாம்பும் அதில் நுரைக்காது.
குழாய்த் தண்ணியை இரவே
நீலப் பரலில் பிடித்து வைப்பேன்.
நாய் கழுவுகிறவள் என்று சிரிக்கிறவர்கள்
அந்தப் பரலை ஒருக்கால் நகர்த்திப் பார்க்கட்டும்.

வங்கி நிரோஜினியின் பொமரேனியனுக்கு
இரண்டு அடுக்கு மயிர்,
மேலே முரடு, கீழே இலவம்பஞ்சு.
“வெயில் கொல்லுதுகா, மொட்டை அடிச்சு விடு.”
மாட்டேன் என்றேன்.
கச்சான் காற்றடிக்கிற மாதத்தில்
எவளாவது கூரைக் கிடுகைப் பிரிப்பாளா?
கோபித்துக்கொண்டு போனாள்.
மறுகா வந்தாள்,
வேறெங்கோ அரைவாசி மழித்த நாயோடு.

ஒஸ்வல்ட் அங்கிளின் குட்டைக்கால் நாய்க்குத்
தும்புத்தடி மாதிரி மயிர்.
தச்சுப்பட்டறையில் படுத்துப் படுத்து
தேக்கந்தூளெல்லாம் அதன் வயிற்றில்.
கண்டிஷனர் போடக்கூடாது அதற்கு.
முரடாய்ப் பிறந்ததை மெத்தென்று ஆக்கினால்
அழுக்குத்தான் ஒட்டும்.
“என்னைப் போல” என்பார் அங்கிள்,
ஒவ்வொரு தரமும்.

பாலமீன்மடு லாப்ரடோருக்கு
என்னிடம் சாம்பு கேட்காதீர்கள்.
வாவியில் நீந்தி வரும்போதெல்லாம் நுரை போட்டால்
உடம்பு எண்ணெய் கழன்று
அடுத்த தரம் சாக்குப் போல நனையும்.
நல்ல தண்ணி போதும், காதைத் துடையுங்கள்.
வியாபாரத்துக்கு இது நட்டம், தெரியும்.

லாசாவுக்கு முதலில் சீப்பு, பிறகு தண்ணி.
நனைந்த சிக்கு கயிறாகிவிடும்.
சொல்லிச் சொல்லி அலுத்து
சுவரிலேயே எழுதிவிட்டேன்,
ஒரு எழுத்துப் பிழையோடு.

என் புத்தகத்தில் நாலு நிரல் கீறியிருக்கிறேன்:
நீளம், குட்டை, முரடு, இரட்டை.

ஒரு செவ்வாய்க்கிழமை
மூன்று ஓட்டோக்காரர் சாக்கில் ஒன்றைக் கொண்டு வந்தார்கள்.
பஸ் நிலையத்து நாய்.
சொறிக்கு நல்லதென்று யாரோ
கழிவு எஞ்சின் ஓயில் ஊற்றியிருந்தார்கள்.
“யாரோ” என்று சொன்ன வினுசாந்தின்
நகக்கண்ணிலும் கறுப்பு.
நான் கேட்கவில்லை.
எந்த நிரலில் எழுத?
மயிரே இல்லை,
வெடித்த வயல் போல ஒரு தோல்.

தேங்காய் எண்ணெய் தடவி ஓயிலை இளக்கினேன்.
மறுகா கோப்பை கழுவும் திரவம், ஒரே ஒரு தரம்.
மறுகா மிருக வைத்தியர் எழுதித் தந்த மருந்துச் சாம்பு.
பத்து நிமிசம் ஊற விடவும், என்கிறது போத்தல்.

நடுங்குகிற நாயைப் பிடித்திருப்பவனுக்கு
பத்து நிமிசம் கொஞ்சமில்லை.
வினுசாந்த் பிடித்தான்.
முதலில் ஒரு கையால் போனைத் தடவினான்.
நாய் அவன் காற்சட்டையில் மூத்திரம் பெய்தது.
போனை வைத்துவிட்டான்.
“அப்பாதான் சொன்னவரு,
ஓயில் ஊத்தினா மாறும் எண்டு.”
இதை நாயிடம் சொன்னான், என்னிடம் அல்ல.
பாலத்தில் ஒரு லொறி போனது.
நாய் தாடையை அவன் முழங்கையில் வைத்தது.
களைப்பாகவும் இருக்கலாம்.
நான் மணிக்கூட்டைப் பார்த்தபோது
பதின்மூன்று நிமிசம் ஆகியிருந்தது.

காசு வேண்டாம் என்றேன்.
சீப்புக்கு அடியில் ஐந்நூறு ரூபாவைச் செருகிவிட்டுப் போனார்கள்.
கிழமைக்கு இரண்டு தரம் கொண்டு வா என்றேன்.
ஒரு தரம் மழை, வரவில்லை.
மற்றபடி வந்தான், ஆறு கிழமை.

இன்று முதுகெலும்பு நெடுக
பள்ளிப் பெடியனின் மீசை மாதிரி ஒரு வரி.
வெள்ளை என்று பந்தயம் கட்டிய இரண்டு பேரும் தோற்றார்கள்.
கபிலம், இடையிடையே கறுப்புக் கோடு.

புத்தகத்தைத் திறந்து
“குட்டை”யில் ஒரு புள்ளடி போட்டேன்.
உரிமையாளர் பெயருக்கு நேரே
பேனையை அவனிடம் நீட்டினேன்.
தலையைச் சொறிந்தான்,
குனிந்து
ஓட்டோ இலக்கத்தை எழுதினான்.