உண்ணத் தக்கதல்ல

ஐசோஅமைல் அசிட்டேட்.
தூய்மை தொண்ணூற்றெட்டு சதவீதம்.
ஐந்நூறு மில்லி, பழுப்புக் கண்ணாடி.
‘ஆய்வகத்துக்கு மட்டும், உண்ணத் தக்கதல்ல’
என்று லேபிள் ஒட்டுவது என் வேலை.
மாதவரம் குடோனில் பதினோரு வருஷமாய்
நாளைக்கு எண்பது பாட்டிலிடம்
தின்னாதே தின்னாதே என்று சொல்லிவிட்டு
டிபன் பாக்ஸைத் திறக்கிறேன்.

அந்தப் பெயர் நாக்கில் நிற்காது.
எங்களுக்கு அது மஞ்சப்பழம்.
மூடியைத் திருகினால்
கூரையிலிருந்து ரஸ்தாளித் தார் ஒன்று தொங்கும்,
கண்ணுக்குத் தெரியாமல்.

சித்திரைக் கடைசியில் ஒரு செவ்வாய்.
காலையில் கிண்டிக்குப் போகவேண்டிய பெட்டியோடு
தேசிங்கு வண்டியை வீட்டுக்கே ஓட்டி வந்தான்.
நானும் அதே தெரு, முன் சீட்டில்.
சடையங்குப்பம் திருப்பம். டிரெய்லர் தோண்டிய பள்ளம்.
பின்னால் ஒரு சின்னச் சத்தம்,
வளையல் உடைகிற மாதிரி.

வீடு வந்து கதவைத் திறந்ததும்
முதலில் எரிந்தது ஜோசப்பின் அக்கா வீட்டு விளக்கு.
‘இன்னாடா வாசன இது, எவன் உட்டான்?’
அப்புறம் தெருவே.
மூக்குக்கு ஈரத்துணி. தோளுக்குக் கைக்குழந்தை.
காற்று எந்தப் பக்கம் என்று
ஒருவன் லுங்கி நுனியைத் தூக்கிப் பார்த்தான்.
அழுகின முட்டையென்றால் இந்த மதில்,
தொண்டை எரிந்தால் அந்தக் குழாய்:
எங்கள் மூக்குக்கு எல்லா முகவரியும் தெரியும்.
இதற்கு முகவரி இல்லை.
ஓடினார்கள்.

நானும் ஓடினேன்.
நூறடி போனபிறகுதான் உறைத்தது, என் பாட்டில்.
‘பழம்! வெறும் பழ வாசன!’ என்று கத்தினேன்.
யார் நிற்பார்கள்,
ராத்திரி பதினொன்றரைக்கு
பழம் வந்திருக்கிறது என்றால்?

தேசிங்கின் சின்னவன் மட்டும்
வண்டிக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு
காற்றைக் கடித்துக் கடித்து மென்றான்.

மறுநாள் கிண்டிக்குப் போன் போட்டேன்.
ஆர்டர் கொடுத்தது நப்பின்னை என்கிற பெண்,
தேனீக்களை ஆராய்கிறவள்.
நடந்ததைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
‘தேனீ கொட்டும்போது விடுற வாசனையில
இதுதான்க்கா முக்கியம்.
ஒண்ணு விட்டா கூடே எழுந்துக்கும்.
ஆபத்துன்னு அர்த்தம்.’

‘எழுந்து? ஓடிடுமா?’

‘ஓடாதுக்கா.
கொட்ட வரும்.’

புதுப் பாட்டில் எடுத்து வைத்தேன்.
லேபிள் கோணலாக விழுந்தது.
உரித்து மறுபடி ஒட்டவில்லை.
சாயங்காலம் கொடியிலிருந்த
ஜோசப்பின் அக்காவின் சேலையில்
இன்னும் கொஞ்சம் ரஸ்தாளி.
இரண்டு தரம் துவைத்தாளாம்.