அறுபது டிகிரி

வூப்பர்டாலில் நாலாம் மாடி. இரவு இரண்டே கால்.
போர்வையை ஒரே இழுப்பில் விலக்கி
கைபேசி வெளிச்சத்தை மெத்தைத் தையலில் ஓட்டுகிறேன்.
ஆப்பிள் விதையளவில் ஒன்று
அவசரமே இல்லாமல் போகிறது.
வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறவரின் நடை.

முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை
மூன்று மூன்றாய்த் தடிப்பு.
அரிக்கிறதா என்று கேட்டார் தோல் டாக்டர்.
ஓம் என்றேன். ஜெர்மனில் அதற்கு என்னிடம் ஒரே சொல்.
முதலில் நமைச்சல், பிறகு கடி,
பிறகு நகத்தைக் கூப்பிடும் தினவு,
விடியப்புறம் எரிவு, குளித்துவிட்டு வந்தால் சுணை,
இத்தனையும் அவர் தாளில் அரை வரி.
வீட்டில் பூச்சி இருக்கிறதா?
இல்லை.
பதினொரு வருடத்தில் நான் பேசிய
பிழையே இல்லாத ஜெர்மன் அதுதான்.

அறுபது டிகிரியில் துவைத்தால் செத்துப்போகுமாம்.
தலையணை உறை, துவாய், இவருடைய வேலைச் சட்டை
எல்லாம் சுழன்றன.
மிதுஷாவின் கம்பளிச் சட்டை
பொம்மைக்குப் போடும் அளவில் வெளியே வந்தது.
கூறைச்சேலை அறுபது தாங்காது.
மூன்று பையில் சுற்றி
இவர் வேலை செய்யும் பிட்சா கடையில், ஆழ்குளிர்ப் பெட்டியில்,
கீரைக்கும் மாவுருண்டைக்கும் நடுவே
நாலு நாள் கிடந்தது.
முதலாளி கேட்டால் கோவில் சாமான் என்று சொல்லச் சொன்னேன்.
கேட்கவில்லை.
திரும்பி வந்தபோது பையில் யாரோ திகதி ஒட்டியிருந்தார்கள்:
இதற்குள் பயன்படுத்தவும்.

பயன்படுத்தினேன்.
ஹாகனில் சாமத்திய வீடு. ஜூன் மாதம்.
மண்டபம் முழுக்க அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்க
நான் மட்டும் முழுக்கைச் சட்டை.
நான் மட்டும் என்றுதான் நினைத்தேன்.
எதிர் வரிசையில் இன்னொரு முழுக்கை:
சிவயோகமலர்.
தை மாதம் எங்கள் மெத்தையில்
இரண்டு இரவு படுத்துப் போனவள்.
அதற்கு முந்திய மார்கழியில்
நாங்கள் அவள் வீட்டுச் சோபாவில்.
கணக்கு இரண்டு பக்கமும் ஓடும்.

அவள் சுண்டுவிரல் சட்டைக் கைக்குள் மெல்ல நுழைந்தது.
என்னுடையதும்.
"வெக்கையாய்க் கிடக்கு, என்ன?"
"ஓம், சரியான வெக்கை."

சோற்று வரிசையில் நிற்கும்போது
என் கைப்பைக்குள் ஏதோ செருகிவிட்டுப் போனாள்.
பாதி பிதுக்கிய களிம்புக் குழாய்.
என்னிடம் இருக்கும் அதே பெயர்.
வீரியம் கொஞ்சம் கூட.