சைலன்சர் பக்கம்

நான்கு மாத மழையில்
சாக்கு போர்த்தி நின்ற கென்போவை
இன்றுதான் உதைத்தேன்.
பதினோராவது உதைக்கு எழுந்தது.
நாளை நள்ளிரவு பால்வெட்டு.
முடோனிலிருந்து தோட்டம் ஒன்பது மைல்,
கடைசி இரண்டு வெறும் சகதி.

டேப்பெட் சத்தமே இல்லை.
"நல்லதுதானே" என்கிறாள் மீ கோன்.
பின்சீட்டு அவளுடையது, பெட்ரோலில் பாதியும்.
இல்லை, மீ கோன்.
மகாச்சாய்க்குப் பஸ் ஏறும்போது
வீரபத்திரன் இந்த வண்டியைப் பற்றிச் சொன்னதில்
மிச்சமெல்லாம் போச்சு, ஒன்று நிற்கிறது:
கடகடன்னா ஓட்டு. ஊமையானா திற.

தடிஞ்சூட் பௌர்ணமி. கரண்ட் இல்லை.
தெருவின் எல்லா வாசலிலும் மெழுகுவத்தி,
எங்கள் வாசலில் ஸ்பானர்கள்.
மீ கோன் போன் வெளிச்சம் பிடிக்கிறாள்.
அவள் வெற்றிலை மெல்ல மெல்ல
வெளிச்சமும் மெல்லுகிறது.

இடப்பக்க மூடிகளைக் கழற்றி
பதினாலாம் நம்பரை மாட்டித் திருப்பினால்
ஓட்டையில் முதலில் ஒரு F, அப்புறம் T.
T இரண்டு சுற்றில் இரண்டு தரம் வரும்,
ஒன்று பொய்.
ராக்கர் இரண்டும் லூசாக ஆடினால் மெய்.
ஆட்டிப் பார்த்தேன்.
மேலே, கார்புரேட்டர் பக்கம், ஆடியது.
கீழே அசையவில்லை.
இது பொய் T-யா, வால்வே இறுகிவிட்டதா?
இன்னொரு சுற்று. இப்போது இரண்டுமே கல்.
அப்படியானால் முதலில் வந்ததுதான் மெய்.
மறுபடி ஒரு சுற்று, பழைய இடத்துக்கு.

சைலன்சர் பக்கத்து மூடி அடியில் இருக்கிறது.
மண்ணில் மல்லாந்தால்தான் முகம் காட்டும்.
திறந்ததும் தலைமுடியில் ஆயில்.
"லுங்கி போச்சு" என்றாள் மீ கோன்,
அவள் லுங்கியில் ஒரு சொட்டுகூட இல்லை.

கேஜில் பதின்மூன்று இலை.
மிக மெல்லியது, பாயிண்ட் நாட் ஃபைவ்,
ஓரம் துருப்பிடித்து, நடுவில் மடங்கி.
அதுவே நுழையவில்லை.
மூச்சு நுழையாது அங்கே.

ஒன்பதாம் நட்டைத் தளர்த்தி
சதுர மண்டையைக் குறட்டு நுனியால் ஒரு இம்மி.
இலை போகிறது. அதிகமாகப் போகிறது.
அரை இம்மி திரும்பி வா.
நட்டை இறுக்கினால் மண்டையும் கூடவே திரும்பி
அளவு ஓடிவிடுகிறது.
மூன்று தரம் ஓடியது.
மூன்றாம் தரம் நான் சொன்ன வார்த்தை
மோன் பாஷையிலும் உண்டாம்.

நாலாம் தரம் எண்ணை விட்டுவிட்டேன்.
பதினேழு வருடமாய் வெட்டுகிறேன்.
பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில்
ஒரு தோல் விடவேண்டும்,
கத்தி அதைத் தாண்டினால் மரம் முண்டு கட்டும்.
அந்தத் தோலுக்கு எந்த நம்பரும் கேட்டதில்லை.
கிண்ணத்தில் உறைந்த பாலின் ஓரத்தை உரிக்கையில்
விரலைப் பிடித்துப் பிடித்து விடுமே,
இலையை இழுத்தபோது அந்தப் பிடி வந்தது.
அதிலேயே நட்டை இறுக்கினேன்.

உதைத்தேன். இரண்டாவதில் எழுந்தது.
டிக் டிக் டிக் என்று
பல் குத்துகிற மாமியார் மாதிரி ஒரு சத்தம்.
"கெடுத்துட்ட" என்றாள் மீ கோன்.

ஞாயிறுதோறும் அவனிடமிருந்து நாலு விநாடி வரும்:
"நல்லா இருக்கேன். காசு போட்டுட்டேன்."
இரண்டு வருடம், அதே நாலு விநாடி,
ஒரு உரசல் இல்லாமல்.
போனை அவளிடமிருந்து வாங்கி
எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்து
முப்பது விநாடி பதிந்து அனுப்பினேன்.
நான் ஒன்றும் பேசவில்லை.

பதில் இரவு பன்னிரண்டரைக்கு வந்தது,
கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தேன்.
ஒரு நிமிஷம் பத்து விநாடி.
முதலில் தண்ணீர் கொட்டுகிற இரைச்சல், யாரோ தாய் பாஷையில் கத்துகிறான்.
"சைலன்சர் பக்கம் கொஞ்சம் கேக்குது. இருக்கட்டும், தொடாதே."
அப்புறம் வெறும் இரைச்சல்.
முடிந்தது என்று நினைத்தேன்.
"இங்க ஐஸ்ல நின்னு நின்னு
வலது கை மடங்க மாட்டேங்குது, கொடி.
ரெண்டு மாசமா. சொல்லலை."

மீ கோன் பின்னால் ஏறி உட்கார்ந்து
வாளியால் என் முதுகில் இடிக்கிறாள்.
செம்மண் திருப்பம் வரை
டிக் டிக் டிக்