உதிரப்பட்டி

நான் செத்துப்போன சேதி
வள்ளிமலைக்குத் திரும்பும் வளைவில்தான் எனக்குத் தெரிந்தது.
புங்கமரத்தடியில் கல்லாய் நின்றிருந்தேன்.
முகத்தில் மஞ்சள். காலடியில் ஒரு சேவலின் தலை,
இன்னும் ஈரமாய்.

மார்பில் ஐந்து அம்பு வெட்டியிருந்தான் கல்தச்சன்.
எனக்குப் பட்டது ஒன்று. அதுவும் முதுகில்.
அதுவும் நம்மவன் எய்தது.
கல்லில் குதிரை முன்னங்கால் தூக்கிப் பாய்ந்தது.
அதைப் பதினேழாம் நாள் தின்றோம்.

கல்லுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.
வெறும் பாறை.
நாற்பத்தொரு பேரைக் கூட்டிப்போனேன்:
சடையன், பூதி, காது கேளாத கச்சி,
அண்ணன் தம்பி நால்வர்,
வண்ணார் தெருவில் முந்தினநாள் தாலி கட்டிய ஒருவன்,
பேர் நுனிநாக்கில் நிற்கிறது, வரவில்லை.

உமையாழ்வி கதவைப் பாதி திறந்தாள்.
அழவில்லை.
என் கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்தாள்.
பிறகு மோர் கொண்டுவந்தாள், வாசலுக்கே.
“நீர் செத்ததற்கு உதிரப்பட்டி விட்டிருக்கிறார்கள்.
ஏரிக்குக் கீழே ஆயிரம் குழி.
கார் நெல் பால் பிடித்திருக்கிறது.”
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
மோர் புளித்திருந்தது. முழுவதும் குடித்தேன்.

கணக்கன் நல்லுழான் ஓலைக்கட்டைப் பிரித்தான்.
“உயிரோடிருந்தால் நிலம் திரும்ப அரண்மனைக்கு.
செத்திருந்தால் நீர் என்னோடு பேசக்கூடாது.
எதுவென்று பொழுது சாய்வதற்குள் சொல்லும்.”
நாற்பத்திரண்டு பங்காக எழுது என்றேன்,
நாற்பத்தொன்று அவர்கள் வீட்டுக்கு,
ஒன்று இந்த வாசலுக்கு.
“செத்தவன் எழுத்து செல்லாது.”
கல்லின் எழுத்து?
“அது சந்திரசூரியர் உள்ளவரை செல்லும்” என்றான்.
சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இரவு, ஓலையோடு புங்கமரத்தடிக்குப் போனேன்.
ஐயா, என்றேன்.
வேறெப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.
கல் கண் திறந்தது.
ஐந்து அம்பும் லேசாய் அசைந்தன,
மூச்சு விட வலிக்கிறவனுக்கு அசைவதுபோல.
ஓலையை அது பார்க்கவில்லை.
“இந்தக் குதிரைக்கு என்ன பேர்?” என்றது.
சொன்னேன்.
நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு
வாளைக் கீழே வைத்தது,
கன்னத்து மஞ்சளைத் தொட்டு
ஓலையில் ஒரு விரல் பதித்தது.
வாளை மறுபடி எடுக்கவில்லை.

நல்லுழான் வீட்டுக் கூரையில் ஓலையைச் செருகிவிட்டு
விடியுமுன் நீவா நதியில் இறங்கினேன்.
தண்ணீர் இல்லை. மணல்.
பாதி ஆற்றில் அந்தப் பேர் வந்தது:
காரி.
திரும்பிப் போய்ச் சொல்லலாம்.
ஆனால் செத்தவன் ஊருக்குள் ஒருமுறைதான் வரலாம்.
குனிந்து மணலில் எழுதினேன், ஆழமாக,
இரண்டே எழுத்து.
கீழேயிருந்து நீர் ஊறிவந்து
முதலில் ‘கா’வின் காலை நிரப்பியது.